வெண்ணெய் உருண்டையும் வாட்ச் காட்டும் கலோரியும்

1/ மாமல்லபுரம் போனவங்க எல்லார்கிட்டயும் ஒரு போட்டோ இருக்கும்: கிருஷ்ணரின் வெண்ணெய் உருண்டைப் பாறையைக் கையால் தள்ளுற மாதிரி. சுமார் 250 டன், நகராது. இயற்பியல் கணக்குப்படி நீங்க செய்த வேலை பூஜ்யம். ஆனா நிஜமாவே முக்கித் தள்ளினா மூச்சு வாங்கும், இதயம் படபடக்கும். அப்போ எத்தனை கலோரி எரிஞ்சது?

2/ "தினமும் ஜிம்ல 400 எரிக்கிறேன் டாக்டர், எடை மட்டும் குறையல." செங்கல்பட்டுல இதை அடிக்கடி கேட்கிறேன். அந்த 400 எங்கிருந்து வந்தது? அதுக்கு நூறு வருஷத்துக்கு மேல கதை இருக்கு.

3/ 1890களில் அமெரிக்காவில் அட்வாட்டர் என்ற விஞ்ஞானி, மனிதரை நாள்கணக்கில் ஓர் அறைக்குள் வைத்து, உடல் வெளியிடும் வெப்பத்தை அளந்தார். துல்லியமான முறைதான். ஆனா எல்லாரையும் அறைக்குள் பூட்ட முடியுமா? 1919ல் ஹாரிஸ், பெனடிக்ட் இருவரும் உயரம், எடை, வயதை வைத்து ஒரு சூத்திரம் தந்தாங்க. சும்மா இருக்கும்போது உடல் எவ்வளவு எரிக்கும்னு அது சொல்லும். அளந்தது 239 பேரை. எல்லாம் அமெரிக்கக் கணக்கு.

4/ அடுத்த கட்டம் நம்ம சென்னையில்! மகளிர் கிறிஸ்தவக் கல்லூரியின் எலினோர் மேசன், தென்னிந்தியப் பெண்களை அளந்து, அதே பெனடிக்ட்டுடன் சேர்ந்து 1931ல் வெளியிட்டார். அமெரிக்க அளவைவிட எரிப்பு நல்லாவே குறைவு. பின்னாளில் பெங்களூரு ஆய்வாளர்கள், கொழுப்பு நீங்கலான உடல் எடையைக் கணக்கில் எடுத்தா வித்தியாசம் பெரும்பாலும் மறையுதுன்னு காட்டினாங்க. அதாவது, குறை இனத்தில் இல்லை. தசையின் அளவு முக்கியம்.

5/ உடற்பயிற்சிக்கு 1993ல் 'மெட்' பட்டியல் வந்தது. சும்மா உட்கார்ந்தா 1 மெட். சாதாரண எடைப் பயிற்சி சுமார் 3.5. 60 கிலோ ஆள் அரை மணி நேரம் செய்தா: 3.5 × 60 × 0.5 = 105 கலோரி. ஒரு மெதுவடைக்குச் சரியாப் போச்சு!

6/ வாட்ச் சரியாச் சொல்லாதா? 2017ல் ஸ்டான்ஃபோர்டில் 7 கருவிகளைச் சோதிச்சாங்க. இதயத் துடிப்பைப் பெரும்பாலும் சரியாக் காட்டின. கலோரியில் மட்டும், இருப்பதிலேயே நல்ல கருவிக்கே 27% பிழை. மோசமானதில் 93%.

7/ அப்போ எதைக் குறிச்சு வைக்கணும்? விடை ஒரு ராணுவ மருத்துவமனையில் இருக்கு. இரண்டாம் உலகப்போரில் முழங்கால் அடிபட்ட வீரர்களுக்கு, டாக்டர் தாமஸ் டிலார்ம் எடைப் பயிற்சி தந்தார். 10 முறை தூக்க முடிகிற எடை எவ்வளவுன்னு பார்ப்பார், பலம் கூடக் கூட எடையை ஏற்றுவார். 1945ல் அதை வெளியிட்டார். எடையும் எண்ணிக்கையும்தான் அவர் அளவுகோல்.

8/ நீங்களும் ஒரு நோட்டு போடுங்க: தேதி, பயிற்சி, எத்தனை கிலோ, எத்தனை முறை, எத்தனை செட். போன மாசம் 5 கிலோ, இந்த மாசம் 7 கிலோன்னா, அது பொய் சொல்லாது. வாட்ச் 400ன்னு சொல்லுச்சேன்னு பரோட்டா சாப்பிடாதீங்க. சர்க்கரை நோயாளிகள் அந்த எண்ணை நம்பி இன்சுலினையோ மாத்திரையையோ மாத்தவே கூடாது.

9/ மாமல்லன் என்றால் பெரிய மல்யுத்த வீரன். அவன் பேரில் இருக்கிற ஊர் நம்ம ஊர். பாறை நகராட்டியும் பரவாயில்லை, நோட்டில் இருக்கிற எண் நகரட்டும்.