ஒரே கிருபை, ஓல்னியில் இருவர்

1779-ஆம் ஆண்டு லண்டனில் ஒரு ஞானப்பாட்டுப் புத்தகம் அச்சானது. இங்கிலாந்தின் பக்கிங்காம்ஷயரில் உள்ள ஓல்னி என்ற சிற்றூரின் ஜெபக்கூட்டங்களை மனத்தில் வைத்து எழுதிய 348 பாடல்கள் அதில் இருந்தன. பெரும்பாலானவை அவ்வூர்க் குருவானவர் ஜான் நியூட்டன் எழுதியவை. 60-க்கும் மேற்பட்டவை அவருடைய நண்பரும் கவிஞருமான வில்லியம் கூப்பர் எழுதியவை. எது யாருடைய பாட்டு என்று தெரிவதற்காகக் கூப்பரின் பாடல்களில் அவர் பெயரின் முதலெழுத்தை நியூட்டன் சேர்த்து அச்சிட்டார். தங்கள் நட்பின் நினைவாகவும் இந்தப் புத்தகம் நிற்க வேண்டும் என்று முன்னுரையில் எழுதினார்.

புத்தகம் வெளிவந்தபோது கூப்பர் ஆலயத்துக்குப் போவதை நிறுத்தி ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. கடவுள் தன்னைக் கைவிட்டுவிட்டார், வேறு எவருக்கும் மூடாத கதவு தனக்கு மட்டும் மூடிவிட்டது என்று அவர் உறுதியாக நம்பினார். நியூட்டனோ, தன்னைப் போன்ற பாவியையே கைவிடாதவர் இனி எவரைக் கைவிடப்போகிறார் என்ற நிச்சயத்தில் நின்றவர். இருவரும் கிருபையைப் பாடினார்கள். கிருபைக்குள் வாழ்வது என்றால் என்னவென்று கேட்கிற விசுவாசி நியூட்டனை மட்டும் வாசித்தால் பாதி விடைதான் கிடைக்கும் என்பது என் எண்ணம். நம் சபைகளில் பெரும்பாலும் அந்தப் பாதியைத்தான் பேசுகிறோம்.

தொடக்கத்தில் இருவரின் வாழ்வும் ஒன்றுபோலவே இருந்தது. 1725-இல் பிறந்த நியூட்டன் ஏழு வயது நிறையுமுன் தாயை இழந்தார். 1731-இல் பிறந்த கூப்பர் ஆறு வயது நிறையுமுன் இழந்தார். அதன்பின் வழிகள் பிரிந்தன. கப்பல் தலைவரின் மகனான நியூட்டன் கடலுக்குப் போனார். பின்பு கட்டாயமாகக் கடற்படையில் சேர்க்கப்பட்டார். தப்பி ஓடிப் பிடிபட்டுச் சவுக்கடி வாங்கினார். மேற்கு ஆப்பிரிக்காவில் ஓர் அடிமை வியாபாரியின் கையில் அடிமை போலவே கிடந்து பட்டினியில் வாடினார். குருவானவரின் மகனான கூப்பர் நல்ல பள்ளியில் படித்தார், சட்டம் பயின்றார், கவிதை எழுதினார். வெளியிலிருந்து பார்த்தால் ஒருவர் கெட்டுப்போன பிள்ளை, மற்றவர் குறையில்லாத பிள்ளை.

1748 மார்ச்சில் 'கிரேஹவுண்ட்' என்ற கப்பல் வட அட்லாண்டிக்கில் புயலில் சிக்கியது. தூக்கத்திலிருந்து எழுந்து மேல்தளத்துக்கு ஏறிய நியூட்டனிடம் ஒரு கத்தி எடுத்துவரும்படி கப்பல் தலைவர் சொன்னார். அவர் கீழே திரும்பிய நேரத்தில் அவருக்குப் பதிலாக மேலே ஏறிய மாலுமியைக் கடல் அடித்துக்கொண்டு போனது. அன்று தன்னையும் அறியாமல் கர்த்தரின் இரக்கத்தைக் கேட்டுக் கூப்பிட்டதைத் தன் மனந்திரும்புதலின் தொடக்கமாக நியூட்டன் வாழ்நாள் முழுவதும் நினைத்தார். ஆண்டுதோறும் அந்த நாளை ஜெபத்தோடு அனுசரித்தார்.

இந்த இடத்தில் நம் மேடைகளில் கதையைச் சுருக்கிவிடுகிறோம். புயல் அடித்தது, மாலுமி மனந்திரும்பினார், அடிமை வியாபாரத்தை விட்டார், பாட்டு எழுதினார் என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். நடந்தது அப்படி இல்லை. அந்தப் புயலுக்குப் பிறகுதான் நியூட்டன் அடிமைக் கப்பலின் தலைவராகவே ஆனார். 1750 முதல் 1754 வரை மூன்று பயணங்களில் ஆப்பிரிக்க மனிதர்களை விலைக்கு வாங்கி, விலங்கிட்டு, அட்லாண்டிக்கைக் கடந்து கொண்டுபோய் விற்றார். ஞாயிற்றுக்கிழமைகளில் மாலுமிகளைக் கூட்டி ஆராதனை நடத்தினார். அதே கப்பலின் அடித்தளத்தில் மனிதர்கள் சங்கிலியில் கிடந்தார்கள். ஒரு பயணத்தில், கலகம் செய்யத் திட்டமிட்டார்கள் என்ற சந்தேகத்தில் சிறுவர்களின் விரல்களை இரும்புத் திருகில் வைத்து இறுக்கி உண்மையை வாங்கியதை அவரே கப்பல் குறிப்பேட்டில் எழுதியிருக்கிறார். 1754-இல் அவர் கடலை விட்டது மனசாட்சி குத்தியதால் அல்ல. திடீரென்று வந்த நோயால். அந்தப் புயல் காலத்தில் தன்னை முழு அர்த்தத்தில் விசுவாசி என்று சொல்ல முடியாது என்று பிற்காலத்தில் அவரே எழுதினார்.

இதைச் சொல்வது நியூட்டனைச் சிறுமைப்படுத்த அல்ல. ஒரு மனிதனைத் தொட்ட கிருபை அவன் கண்ணை முழுதாகத் திறக்க எத்தனை ஆண்டுகள் ஆகலாம் என்பதற்கு இதைவிட நேர்மையான சான்று எனக்குத் தெரியாது. லிவர்பூல் துறைமுகத்தில் சுங்க அலுவலராக வேலை செய்துகொண்டே அவர் கிரேக்கமும் எபிரெயமும் கற்றார். 1764-இல் அபிஷேகம் பெற்று ஓல்னிக்கு வந்தார். அடிமை வியாபாரத்தைக் கண்டித்து அவர் தம் பெயரோடு சிறுநூல் வெளியிட்டது 1788-இல். அப்போது அவருக்கு 63 வயதாகப் போகிறது. அந்தப் பாவ அறிக்கை மிகவும் தாமதமாக வந்தது என்று அந்த நூலிலேயே ஒப்புக்கொண்டார்.

நியூட்டன் ஓல்னிக்கு வந்த அதே 1764-இல்தான் கூப்பரும் கிருபையைக் கண்டார். அவர் இருந்த இடம் ஒரு மனநல இல்லம். அதற்கு முந்தைய ஆண்டு, பிரபுக்கள் சபையில் ஒரு பதவிக்காகத் தேர்வுக்கு நிற்க வேண்டிய அச்சத்தில் மனம் உடைந்து, உயிரை மாய்த்துக்கொள்ளவும் முயன்றிருந்தார். செயின்ட் ஆல்பன்ஸ் ஊரில் நத்தானியேல் காட்டன் என்ற பக்தியுள்ள மருத்துவரின் பராமரிப்பில் சிறுகச் சிறுகத் தெளிந்துவந்தார். அங்கே ஒரு நாள் வேதத்தைத் திறந்தபோது ரோமர் 3:25 கண்ணில் பட்டது. கிறிஸ்துவின் இரத்தத்தினால் உண்டான பாவநிவாரணத்தைப் பற்றிய அந்த வசனம் தனக்காகவே எழுதப்பட்டது என்று உணர்ந்து அழுதார். சகரியா 13-ஆம் அதிகாரத்தின் ஊற்றை வைத்து அவர் பின்பு எழுதிய பாட்டு இன்றும் தமிழ்ச் சபைகளில் நம் மொழியில் ஒலிக்கிறது. அதைப் பாடுகிறவர்களில் எத்தனை பேருக்கு எழுதியவரின் பிற்காலம் தெரியும்?

1767-இல் கூப்பரும், அவரைப் பிள்ளைபோல் பராமரித்த மேரி அன்வின் அம்மையாரும் ஓல்னிக்குக் குடிவந்தார்கள். குருமனைக்கும் அவர்கள் வீட்டுக்கும் இடையில் ஒரு பழத்தோட்டம். அதன் வழியே நடக்கும் உரிமைக்கு ஆண்டுக்கு ஒரு கினி நாணயம் கட்டணமாகச் செலுத்தினார்கள். சரிகை பின்னிப் பிழைத்த ஏழைகள் நிறைந்த அந்த ஊரில் கூப்பர் நியூட்டனோடு நோயாளிகளைச் சந்தித்தார், ஜெபக்கூட்டங்களில் ஜெபித்தார். 1771-இல் இருவரும் சேர்ந்து பாடல் புத்தகம் எழுதத் தொடங்கினார்கள்.

பிறகு 1773 வந்தது. புத்தாண்டு நாளில் நியூட்டன் 1 நாளாகமம் 17-ஆம் அதிகாரத்திலிருந்து பிரசங்கித்தார். தாவீது கர்த்தருக்குமுன் உட்கார்ந்து, தன்னை இதுவரைக்கும் கொண்டுவந்ததற்குத் தான் எம்மாத்திரம் என்று வியக்கும் பகுதி அது. அந்தப் பிரசங்கத்துக்காக நியூட்டன் எழுதிய பாட்டுதான் 'அமேசிங் கிரேஸ்'. அதே ஜனவரியில் கூப்பரின் மனம் மீண்டும் உடைந்தது. அடுத்த மாதம் ஒரு கனவில், உன் காரியம் முடிந்தது, நீ அழிந்தாய் என்ற பொருளில் ஒரு சத்தம் கேட்டதாக உணர்ந்தார். அந்தச் சத்தத்தை அவர் சாகும்வரை, 27 ஆண்டுகள், மறுக்கவே இல்லை.

நியூட்டனின் கிருபை நினைவில் வேரூன்றியது. இருந்த நிலை, நடந்த மீட்பு, இனி நிச்சயமான முடிவு என்று பின்னோக்கிப் பார்த்தால் முன்னே வழி தெரியும். கல்லறைக்காகத் தாமே எழுதிவைத்த வாசகத்திலும் தாம் தேவனை மறுத்தவராகவும் ஆப்பிரிக்காவில் அடிமைகளின் வேலைக்காரனாகவும் இருந்ததை மறக்காமல் சேர்த்தார். கூப்பருக்கும் நினைவு இருந்தது. செயின்ட் ஆல்பன்ஸின் அந்த நாளை அவர் மறக்கவில்லை. ஆனால் அந்த நினைவே அவரை வதைத்தது. ருசித்தபின் தள்ளப்பட்டவன் நான் என்பதே அவர் வாதம். தெரிந்துகொள்ளப்பட்டவர்கள் கெட்டுப்போவதில்லை என்ற போதனையை மறுக்காமலே, அதற்குத் தான் மட்டும் விதிவிலக்கு என்று நம்பினார். வீட்டில் உணவுக்குமுன் மற்றவர்கள் ஜெபிக்கையில், தமக்கு அதில் பங்கில்லை என்று காட்டுவதற்காகக் கத்தியையும் முள்கரண்டியையும் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருப்பார் என்று சொல்லப்படுகிறது.

நியூட்டனின் கடுமையான போதனைதான் கூப்பரின் மனத்தைக் கெடுத்தது என்று சிலர் நெடுங்காலமாக எழுதிவருகிறார்கள். காலக்கணக்கு அதற்கு இடம் தரவில்லை. நியூட்டனைச் சந்திப்பதற்கு ஆண்டுகள் முன்பே அந்த நோய் இரண்டு முறை அவரைப் பிடித்திருந்தது. போதனை நோயைத் தரவில்லை. நோய் பேசுவதற்கான மொழியை வேண்டுமானால் தந்திருக்கலாம். 1773 ஏப்ரலில் கூப்பர் குருமனைக்கு வந்து, போக மறுத்து, ஓர் ஆண்டுக்கு மேல் அங்கேயே தங்கினார். நியூட்டன் அவரை அனுப்பவில்லை. பின்னாளில் கூப்பரும் அன்வின் அம்மையாரும் அக்கம்பக்கத்துக் கனவான்களோடு பழகியதைக் கண்டித்து நியூட்டன் எழுதிய கடிதம் இருவரையும் புண்படுத்தியது. அது நல்ல கடிதம் அல்ல. இருந்தும் நட்பு முறியவில்லை.

இனி கனியைப் பார்க்கலாம். மரத்தைக் கனியினால் அறியச் சொன்னவர் இயேசுவே. ஓரளவு தெளிந்த கூப்பர் முயல்களை வளர்த்தார், தோட்டம் போட்டார், எழுதினார். லண்டன் வங்கியாளர் ஒருவர் பெயர் வெளியே தெரியாமல் அனுப்பிய பணத்தை ஓல்னியின் ஏழைகளுக்குப் பகிர்ந்தார். 1782-இல் வெளிவந்த 'சேரிட்டி' என்ற நெடும்பாடலில் அடிமை வியாபாரத்தை வெளிப்படையாகக் கண்டித்தார். 1785-இல் 'தி டாஸ்க்' நூலிலும் அதே குரல். 'சேரிட்டி' வெளிவந்தது நியூட்டனின் சிறுநூலுக்கு ஆறு ஆண்டுகள் முன்பு! கிருபையில் அசைக்க முடியாத நிச்சயம் கொண்டிருந்தவர் இன்னும் பேசாதிருந்தபோது, கிருபைக்குத் தான் வெளியே என்று நம்பியவர் சங்கிலியில் கிடந்தவர்களுக்காகப் பேசினார். இந்த ஒப்பீட்டில் என்னை மிகவும் அசைப்பது இதுதான். ஒருவரின் மனநிச்சயத்தை வைத்து அவருக்குள் தேவன் என்ன செய்கிறார் என்று அளந்துவிட முடியாது. நியூட்டனும் பேசத் தொடங்கியபின் பின்வாங்கவில்லை. அதற்கு முன்பே, 1785-இல் தம்மைத் தேடிவந்த, பின்னாளில் அடிமை வியாபாரத்தை எதிர்த்துப் போராடிய இளம் நாடாளுமன்ற உறுப்பினர் வில்பர்ஃபோர்ஸை அரசியலிலேயே நிலைத்திருக்கச் சொல்லியிருந்தார். தாம் கண்டதையும் செய்ததையும் அரசின் விசாரணைகளில் சாட்சியாகச் சொன்னார். 1807-இல் அந்த வியாபாரத்தைத் தடுக்கும் சட்டம் நிறைவேறியது. அதே ஆண்டு டிசம்பரில் நியூட்டன் காலமானார்.

கூப்பரின் முடிவு இருளில் வந்தது. 1796-இல் அன்வின் அம்மையார் இறந்தபின் அவர் மீளவில்லை. 1799-இல் எழுதிய கடைசி ஆங்கிலப் பாட்டு 'தி காஸ்டவே'. கப்பலிலிருந்து புயல் அடித்துக்கொண்டு போன ஒரு மாலுமியின் சாவைச் சொல்லி, அவனிலும் ஆழமாக மூழ்கியவன் நான் என்று அதை முடித்தார். நியூட்டனுக்குப் பதிலாக மேலே ஏறிக் கடலோடு போன அந்தப் பெயர் தெரியாத மாலுமியை இங்கே நினைக்காமல் இருக்க என்னால் முடியவில்லை. ஒருவர் தப்பியவரின் இடத்திலிருந்து பாடினார். மற்றவர் அடித்துக்கொண்டு போகப்பட்டவனின் இடத்திலிருந்து பாடினார்.

1800 ஏப்ரல் 25-இல் கூப்பர் இறந்தார். நியூட்டன் அவருக்கான நினைவுப் பிரசங்கத்துக்கு யாத்திராகமம் 3-ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொண்டார். அக்கினியில் எரிந்தும் வெந்துபோகாத முட்செடி. 27 ஆண்டுகள் எரிந்தவர் தேவனுடைய பிள்ளையாகவே இருந்தார் என்பதில் நியூட்டனுக்குச் சந்தேகம் இல்லை. கூப்பர் தம்மைப் பற்றி நம்ப முடியாததை அவருடைய நண்பர் அவருக்காக நம்பினார். கிருபைக்குள் வாழ்வதில் இதுவும் அடங்கும் என்றே நான் சொல்வேன். சங்கீதம் 88 இருளிலேயே முடிகிறது. அதையும் வேதம் தன்னுள் வைத்திருக்கிறது.

நம் சபைகளில் சாட்சி சொல்லும் நேரம் நியூட்டன்களுக்கானது. இரட்சிக்கப்பட்ட தேதி, விடுதலை, சமாதானம் என்று வரிசையாகச் சொல்ல முடிந்தவர்கள் எழுந்து நிற்கிறார்கள். கூப்பர்கள் பின்வரிசையில் இருக்கிறார்கள், அல்லது வருவதையே நிறுத்திவிடுகிறார்கள். அவர்களிடம் போய் விசுவாசக் குறைவு, மறைவான பாவம், பின்மாற்றம் என்று காரணம் தேடாதீர்கள். மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். மாத்திரையை நிறுத்தச் சொல்லாதீர்கள். அவர்களால் ஜெபிக்க முடியாத நாட்களில் நீங்கள் அவர்களுக்காக ஜெபியுங்கள். ஓர் ஆண்டுக்கு மேல் உங்கள் வீட்டில் தங்க நேர்ந்தாலும் போகச் சொல்லாதீர்கள்.