சூரியனுக்கும் கறை உண்டு

நிலவில் தெரியும் கருமையைக் களங்கம் என்கிறோம். ஒரு பெண்ணின் மீது சொல்லப்படும் பழிக்கும் அதே சொல்தான். மாசு, மறு, கறை என்று இந்தச் சொற்குடும்பமே வானத்துக்கும் பெண்ணுக்கும் பொதுவாக இருக்கிறது. தமிழுக்கு மட்டும் உரிய பழக்கமில்லை இது. பதினேழாம் நூற்றாண்டு ஐரோப்பாவிலும் வானத்தின் தூய்மையும் பெண்ணின் தூய்மையும் கைகோத்தே நின்றன. தொலைநோக்கி வந்தபோது வானத்தின் தூய்மை கலைந்தது. பெண்ணின் மீது சுமத்தப்பட்டிருந்த தூய்மை என்ன ஆனது என்பதையும் சேர்த்துப் படித்தால்தான் அந்த வரலாறு முழுமை பெறும்.

அரிஸ்டாட்டில் வழிவந்த கல்வியில் நிலவுக்குக் கீழே உள்ளவை தோன்றி அழிபவை. மேலே உள்ளவை மாறாதவை. சூரியன் மாசற்றது. சீனர்கள் வெறுங்கண்ணால் கண்ட சூரியப் புள்ளிகளைப் பல நூற்றாண்டுகளாகவே குறித்து வைத்திருந்தார்கள். ஐரோப்பாவிலோ 1607இல் ஒரு கரும்புள்ளியைக் கண்ட கெப்ளர், அதைச் சூரியனுக்குக் குறுக்கே செல்லும் புதன் கோள் என்றே எண்ணினார். எதிர்பாராத ஒன்றைக் கண் பார்த்தாலும் மனம் தனக்குத் தெரிந்த பெயரையே அதற்குச் சூட்டிவிடுகிறது.

1610 டிசம்பரில் இங்கிலாந்தின் தாமஸ் ஹேரியட், தொலைநோக்கி வழியே கண்ட புள்ளிகளை வரைந்தார். 1611இல் யோஹன்னஸ் ஃபாப்ரிசியஸ் இதைப் பற்றிய முதல் நூலை விட்டன்பெர்கில் வெளியிட்டார். இங்கோல்ஸ்டாட்டில் இயேசு சபைத் துறவி கிறிஸ்டோஃப் ஷைனரும் அதே ஆண்டு புள்ளிகளைக் கண்டார். சபைக்குச் சங்கடம் வரக்கூடாது என்பதால், அப்பெல்லஸ் என்ற புனைபெயரில் 1612 ஜனவரியில் கடிதங்களாக வெளியிட்டார். சூரியனில் கறை இருப்பதை அவரால் ஏற்க முடியவில்லை. அவை சூரியனைச் சுற்றிவரும் சிறு கோள்கள் என்று விளக்கம் சொன்னார்.

கலிலியோ மூன்று கடிதங்களில் மறுத்தார். தொலைநோக்கி வழியே வரும் சூரிய பிம்பத்தைத் தாளில் விழச்செய்து, புள்ளிகளை அதன்மேலேயே குறிக்கும் முறையை அவருடைய மாணவர் காஸ்டெல்லி கண்டுபிடித்திருந்தார். நாள்தோறும் வரைந்த படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தபோது, விளிம்பை நெருங்க நெருங்கப் புள்ளிகள் ஒடுங்குவதும் மெதுவாக நகர்வதும் தெரிந்தன. சுழலும் உருண்டையின் மேற்பரப்பில் ஒட்டியிருப்பவைதான் அப்படித் தெரியும். அவை தோன்றின, உருமாறின, மறைந்தன. சூரியன் ஏறத்தாழ ஒரு மாதத்தில் தன்னைத்தானே சுற்றுகிறது, அதுவும் மாற்றத்துக்கு உட்பட்டது என்பது தெளிவாயிற்று. லத்தீனில் எழுதாமல், சாதாரண மக்களும் படிக்கும்படி இத்தாலிய மொழியில் எழுதப்பட்ட இக்கடிதங்களை 1613இல் ரோமின் லின்செய் அகாதெமி நூலாக்கியது.

அவருடைய நண்பரான ஓவியர் சிகோலி, ரோமின் சாந்தா மரியா மஜ்ஜோரே தேவாலயத்தில் வரைந்துகொண்டே அங்கிருந்து சூரியப் புள்ளிகளையும் கவனித்தவர். மாசற்ற கன்னி மரியாளின் காலடியில் வழவழப்பான நிலவை வரைவது அன்றைய மரபு. 1612இல் முடித்த ஓவியத்தில் சிகோலி, தொலைநோக்கி காட்டிய மேடுபள்ளமான நிலவை வரைந்தார். நிலவு மாறிவிட்டது. அதன்மேல் நிற்கும் பெண்ணுக்கு மட்டும் மாறும் உரிமை இல்லை.

சூரியனின் கறையை நிறுவிய நூல் வெளிவந்த அதே 1613இல்தான் கலிலியோ தன் இரு மகள்களை ஆர்ச்செத்ரியில் இருந்த சான் மத்தேயோ கன்னியர் மடத்தில் சேர்த்தார். விர்ஜீனியாவுக்கு 13 வயது, லிவியாவுக்கு 12. அவர்களுடைய தாய் மரினா கம்பாவை அவர் மணந்துகொள்ளவில்லை. மணமாகாத தாய்க்குப் பிறந்த பெண்களுக்கு வரன் அமைவது அரிது. அமைந்தாலும் சீதனம் பெருஞ்சுமை. மடத்தின் சுவர் இரண்டையும் தீர்த்துவைத்தது. அவர்களுடைய தம்பி வின்சென்சியோவும் அதே தாயின் பிள்ளைதான். 1619இல் தஸ்கனி ஆட்சியாளரின் ஆணையால் அவன் முறையான வாரிசாக்கப்பட்டான். மகனின் கறையை அழிக்க ஒரு தாள் போதுமாக இருந்தது.

விர்ஜீனியா 1616இல் துறவறம் பூண்டு மரியா செலஸ்தே ஆனார். செலஸ்தே என்றால் விண்ணுக்குரியவள். அவர் தந்தைக்கு எழுதிய 124 கடிதங்கள் எஞ்சியுள்ளன. மடத்தின் வறுமையும் நோயும், தந்தைக்காகத் தைத்த கழுத்துப்பட்டைகளும், செய்து அனுப்பிய மருந்துகளும் அவற்றில் இருக்கின்றன. 1623இல் தந்தையின் புதிய நூல் வெளிவந்ததும், படிக்க ஆசையாக இருக்கிறது, அனுப்புங்கள் என்று கேட்டிருக்கிறார். 1634இல் 33 வயதில் இறந்துபோனார். தந்தை எழுதிய பதில்கள் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

மாற்றம் என்பது இழிவாகாது என்று 1632இல் வெளிவந்த தன் உரையாடல் நூலில் விரிவாகவே வாதிட்டவர் கலிலியோ. அந்த வாதம் விண்ணை எட்டியது, வீட்டுக்குள் வரவில்லை. இதை ஒரு தந்தையின் கல்மனம் என்று மட்டும் சொல்லி முடித்துவிட்டால் சீதனமும் வாரிசுச் சட்டமும் மடங்களும் தப்பித்துக்கொள்ளும். ஒரு காலத்தின் அறிவுப் புரட்சி யாருக்கெல்லாம் புரட்சியாக இருந்தது என்று கேட்பதே பெண்ணிய வரலாற்றின் வேலை.

கலிலியோவும் ஹேரியட்டும் ஷைனரும் வரைந்த படங்கள் இன்றும் பயன்படுகின்றன. 1610 முதல் சூரியனின் செயல்பாடு ஏறி இறங்கியதைக் கணக்கிடும் நீண்ட தொடரின் முதல் கண்ணிகள் அவை. அந்தத் தொடரின் இருபதாம் நூற்றாண்டுப் பகுதிக்கு முதுகெலும்பாக இருப்பவர்களில் ஒருவர் டோக்கியோவின் ஹிசாகோ கொயாமா. 1940களில் தொடங்கி ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அவர் சூரியனை வரைந்தார். அவர் விட்டுச்சென்ற படங்கள் பத்தாயிரத்துக்கும் மேல். ஒவ்வொன்றிலும் கறைகள் எங்கே, எத்தனை, எந்த நாளில் என்பது இருக்கிறது.