பச்சை எழுத்தும் நாலு கலரும்: ஒரு மானிட்டர் வாங்கப் போன கதை

மானிட்டர் ஒண்ணு வாங்கலாம்னு உக்காந்தேன் மக்களே. மூணு வாரம் ஆச்சு. அந்த நேரத்துல வீட்ல எனக்கு பொண்ணு பார்த்து நிச்சயமே முடிச்சிருக்கலாம், ஹி ஹி.

பிரச்சினை இதுதான். பகல் முழுக்க ஆணி புடுங்குறது: ஒன்பது மணி நேரம் கோடு, லாக், எக்செல். ராத்திரி ரெண்டு மணி நேரம் கேம். ரெண்டுக்கும் ஒரே திரை. மூணு வருஷம் முன்னாடி அட்டைப்பெட்டி மேல "165 ஹெர்ட்ஸ், 1 மில்லி செகண்ட்"னு கொட்டை எழுத்துல இருந்ததை நம்பி ஒரு வளைஞ்ச மானிட்டர் வாங்கினேன். (கம்பெனி பேர் வேண்டாம், விடுங்க.) இருட்டு சீன்ல ஒருத்தன் ஓடினா, அவன் பின்னாடியே மையைத் தேய்ச்ச மாதிரி ஒரு கருப்பு இழுவை. பகல்ல எழுத்து பிசிறு. சாயங்காலம் ஆனா கண் எரிச்சல். கண் டாக்டர், "பவர் அப்படியேதான் இருக்கு தம்பி, எழுத்தைப் பெருசா வைங்க, இல்ல திரையை மாத்துங்க"ன்னு அனுப்பிட்டார்.

இந்த தடவையும் ஏமாறக்கூடாதுன்னு, ரிவ்யூ படிக்கிறதை நிறுத்திட்டு மானிட்டரோட வரலாற்றைப் படிக்க ஆரம்பிச்சேன். என் குழப்பம் புதுசே இல்லைன்னு அப்பதான் தெரிஞ்சுது. 1981-லயே மனுஷங்க இதே இடத்துல முழிச்சுக்கிட்டு நின்னிருக்காங்க.

விளையாட்டு முந்திக்கிச்சு

கம்ப்யூட்டர் திரைன்னா முதல்ல ஆபீஸ் வேலை, அப்புறம்தான் கேம்னு நினைச்சுட்டு இருந்தேன். அப்படி இல்லை. 1958-ல அமெரிக்காவின் ப்ரூக்ஹேவன் ஆய்வுக்கூடத்துல வில்லியம் ஹிகின்பாதம்னு ஒரு இயற்பியலாளர், பார்வையாளர் தினத்துக்கு வர்றவங்க போரடிச்சு உக்காரக்கூடாதுன்னு, 5 அங்குல ஆஸிலாஸ்கோப் திரையில ஒரு டென்னிஸ் ஆட்டத்தை ஓட விட்டார். ஒரு கோடு, ஒரு வலை, ஒரு புள்ளி, அவ்வளவுதான் டென்னிஸ். 1962-ல எம்.ஐ.டி. பசங்க பி.டி.பி-1 கம்ப்யூட்டரோட வட்டத் திரையில 'ஸ்பேஸ்வார்' ஆடினாங்க. அந்தத் திரை ரேடார் வழி வந்த சாதனம். ஒளி பட்ட இடம் உடனே அணையாம கொஞ்ச நேரம் மினுங்கும். விண்கலம் போன வழியில வால் மாதிரி ஒளி தெரியும். அங்க அது அழகு. அதே மினுங்கல் இருபது வருஷம் கழிச்சு வேற இடத்துல தலைவலியாச்சு.

1981: எழுத்தா, கேமா?

ஐ.பி.எம். தன்னோட பி.சி.யை 1981 ஆகஸ்ட்ல வெளியிட்டப்ப, வாங்குறவன் முன்னாடி ரெண்டு கார்டை வெச்சது.

ஒண்ணு எம்.டி.ஏ. பச்சை எழுத்து மட்டும்தான், படமே வராது. ஆனா எழுத்து கத்தி மாதிரி இருக்கும். ஒவ்வொரு எழுத்துக்கும் 9-க்கு 14 புள்ளி இடம். இதோட வந்த 5151 மானிட்டர்ல மெதுவா அணையுற பச்சை பாஸ்பர். திரை செகண்டுக்கு 50 தடவைதான் புதுப்பிக்கும், ஆனா ஒளி தங்கி நிக்கிறதால கண்ணுக்கு நடுக்கம் தெரியாது. நாள் முழுக்க உக்காந்து கணக்கு எழுதலாம். எதாவது நகர்ந்தாதான் வம்பு: பின்னாடியே பச்சையா ஒரு பேய் இழுத்துட்டுப் போகும்.

இன்னொண்ணு சி.ஜி.ஏ. படம் வரும், கலர் வரும். 320-க்கு 200 புள்ளிகள்ல ஒரே நேரத்துல நாலு கலர். பல கேம்கள்ல அந்த நாலு எதுன்னா கருப்பு, வெள்ளை, ஒரு வெளிர் நீலம், ஒரு ரோஸ். எந்த மகராசன் தேர்ந்தெடுத்தானோ! ஆனா 1982-ல மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் வந்தப்ப விமானம் ஓட்டணும்னா இந்தப் பக்கம்தான் வரணும். எழுத்துக்குக் கிடைச்சது 8-க்கு 8 புள்ளி. ஆங்கிலமே அதுல கரடுமுரடாத்தான் வரும். நம்ம 'ணை'யை அந்தக் கட்டத்துக்குள்ள வரைஞ்சு பாருங்க, மூணு சுழிக்கும் கொம்புக்கும் இடம் பத்தாம எழுத்தே காணாமப் போயிடும்.

ஆக, வேலைன்னா பச்சை, விளையாட்டுன்னா கலர். காசு இருந்தவங்க ரெண்டு கார்டையும் ஒரே பொட்டியில சொருகி, ரெண்டு மானிட்டர் வெச்சுக்கிட்டாங்க. இன்னிக்கு நம்ம டேமேஜர் மேஜையில ரெண்டு திரை இருக்கே, அந்தப் பழக்கத்துக்கு வயசு நாப்பதுக்கு மேல!

இந்தக் கதையில எனக்கு ரொம்பப் பிடிச்ச ஆள் வான் சுவன்னுகுல், தாய்லாந்துக்காரர். தாய் மொழி எழுத்துல ஆவணம் தயாரிக்கணும், பச்சைத் திரையோட துல்லியமும் வேணும், ஆனா அந்த கார்டுல படம் வரைய வழி இல்லை. மனுஷன் உக்காந்து தானே ஒரு கார்டை உருவாக்கிட்டார். அதுதான் 1982-ல வந்த ஹெர்குலிஸ். அதே பச்சை மானிட்டர்ல 720-க்கு 348 புள்ளியில படம். லோட்டஸ் 1-2-3 இதுக்கு ஆதரவு கொடுத்ததும் சக்கைப்போடு போட்டுச்சு. தன் மொழி எழுத்து திரையில வரலையேங்கிற ஒருத்தரோட ஆதங்கம் ஒரு தொழிலையே நிறுத்தி வெச்சிருக்கு. தமிழ்ல தட்டச்சு பண்ற நம்மளுக்கு இது புரியாம வேற யாருக்குப் புரியும்?

ஒரு சமாதான காலம்

1987-ல வி.ஜி.ஏ. வந்து சண்டையைத் தீர்த்து வெச்சுது. எழுத்துன்னா 9-க்கு 16 புள்ளி, எம்.டி.ஏ.வையே மிஞ்சிடுச்சு. கேம்னா 256 கலர். 1993-ல வந்த டூம் இதுல ஓடினதுதான். ஒரே மானிட்டர், ரெண்டு வேலை.

அந்தக் காலத்து உச்சம் என்னன்னா, 1990-களின் நடுவுல ஜான் கார்மேக் 'க்வேக்' எழுதின மேஜை. அங்க இருந்தது இன்டர்கிராஃப் கம்பெனியோட 28 அங்குல சி.ஆர்.டி. 1920-க்கு 1080. ஆமா, ஃபுல் எச்.டி.! எடை ஏறக்குறைய 45 கிலோ. பகல்ல கோடு, அதே திரையில கேம். அதாவது நான் தேடுற அதே சாமான், ஆனா தூக்க ரெண்டு ஆள் வேணும்.

இங்க கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். எங்க ஸ்கூல் லேப்ல செருப்பைக் கழட்டி வெச்சுட்டுத்தான் உள்ள போகணும். உள்ள வரிசையா பொந்தா பொந்தான்னு சி.ஆர்.டி. ஆன் பண்ணினா முழங்கை முடி எல்லாம் திரையைப் பார்த்து எழுந்து நிக்கும். மெனுவுல டீகாஸ்னு ஒண்ணு இருக்கும், அமுக்கினா 'டொய்ங்'னு படமே ஒரு குலுங்கு குலுங்கும். மிஸ் திரும்பினதும் பத்து பேர் ஒரே நேரத்துல அமுக்குவோம். அந்த டப்பாவுல ஓடின டேஞ்சரஸ் டேவ் அவ்வளவு வழவழன்னு ஓடினது வெறும் சின்ன வயசு பிரமைன்னு நினைச்சிருந்தேன். பிரமை இல்லை, அறிவியல்.

எல்.சி.டி.: எழுத்து ஜெயிச்சுது, ஓட்டம் தோத்துது

சி.ஆர்.டி.யில ஒரு புள்ளி சுமார் ஒரு மில்லி செகண்ட் மின்னிட்டு அணைஞ்சுடும். எல்.சி.டி.யில அடுத்த படம் வர்ற வரைக்கும் அப்படியே ஒட்டிக்கிட்டு நிக்கும். 60 ஹெர்ட்ஸ்னா 16.7 மில்லி செகண்ட். ஒரு பந்து செகண்டுக்கு 960 புள்ளி வேகத்துல போகுதுன்னு வைங்க. நம்ம கண்ணு அதைத் தொடர்ந்து நகருது, ஆனா படம் நின்ன இடத்துலயே நிக்குது. விளைவு, பந்து 16 புள்ளி அகலத்துக்கு இழுபட்டுத் தெரியும். சி.ஆர்.டி.யில அது ஒரே ஒரு புள்ளி. திரை எவ்வளவு வேகமா நிறம் மாத்தினாலும் இது போகாது. பெட்டி மேல போட்ட '1 மில்லி செகண்ட்' என்னை ஏமாத்தினது பாதி இங்கதான். மீதி பாதி, அந்த எண் ரொம்ப சாதகமான நிறமாற்றத்துக்கு அளந்தது. என்னோடது வி.ஏ. வகைத் திரை. அதுல இருட்டுல இருந்து இன்னொரு இருட்டுக்கு மாறுறது எப்பவுமே ஆமை வேகம்.

ஆனா வேலை செய்றவனுக்கு எல்.சி.டி. வரம். நடுக்கம் இல்லை, சூடு கம்மி, எழுத்து விளிம்பு துல்லியம். 2001-ல ஐ.பி.எம். விட்ட டி220 வரிசைத் திரை 22 அங்குலத்துல 3840-க்கு 2400 புள்ளி! அச்சடிச்ச மாதிரி எழுத்து. அந்த வரிசையில டி221 செகண்டுக்கு 41 தடவைதான் புதுப்பிக்கும். திரும்ப 1981. பச்சைத் திரையேதான், வேற சட்டை போட்டுக்கிட்டு வந்திருக்கு.

அப்புறம் நடந்தது எல்லாம், தொலைச்சதைத் திரும்ப வாங்கின கதை. 2009-ல 120 ஹெர்ட்ஸ் எல்.சி.டி. வந்தது ஓட்டத்துக்காக இல்லை, என்விடியாவோட 3டி கண்ணாடிக்காக. ஒரு கண்ணுக்கு 60 வீதம். 3டி கண்ணாடி பரண்ல ஏறிடுச்சு, 120 மட்டும் தங்கிடுச்சு. 3டிக்காக பின்விளக்கை விட்டு விட்டு எரிய வெச்ச நுட்பத்தை, கேமர்கள் தந்திரமா சாதா கேமுக்குத் திருப்பி, சி.ஆர்.டி. மாதிரி ஓட்டத்தைப் பிடிச்சாங்க. 2013-ல ஜி-சிங்க் அறிவிப்பு, 2014-ல அடாப்டிவ்-சிங்க். இனிமே திரையோட தாளத்துக்கு கார்டு ஆடத் தேவையில்லை, கார்டு போடுற தாளத்துக்குத் திரை ஆடும்.

ஓலெட்: மறுபடியும் அதே கேள்வி

2022-ல ஏலியன்வேர் 34 அங்குல க்யூ.டி.-ஓலெட் வந்தது. கருப்புன்னா கருப்பு. இழுவைன்னா என்னன்னே தெரியாது. நண்பன் வீட்ல பார்த்துட்டு வாயைப் பொளந்துட்டேன். ஆனா அவன் அதுல கோடு திறந்து காட்டினப்ப எழுத்து ஓரத்துல பச்சையும் ரோஸுமா ஒரு மெல்லிய கோடு. காரணம், விண்டோஸோட க்ளியர்டைப், சிவப்பு-பச்சை-நீலம் பக்கத்துல பக்கத்துல வரிசையா இருக்குன்னு நம்பி எழுத்தைச் செதுக்குது. இந்தத் திரையில மூணும் முக்கோணமா இருக்கு. அங்குலத்துக்கு 160 புள்ளிக்கு மேல இருக்கிற புதுசுல இது கண்ணுக்கு அவ்வளவா தெரியாது. இன்னொரு பழைய பகையும் திரும்பி வந்திருக்கு. பச்சைத் திரையில நகராத எழுத்து தழும்பாப் பதியும்னுதான் ஸ்க்ரீன்சேவரே பிரபலமாச்சு. எல்.சி.டி. காலத்துல அதை மறந்தோம். ஓலெட்ல ஒன்பது மணி நேரம் நகராத டாஸ்க்பாரை நினைச்சா மறுபடியும் பயம்.

எம்.டி.ஏ.வா சி.ஜி.ஏ.வா, எல்.சி.டி.யா சி.ஆர்.டி.யா, ஐ.பி.எஸ்.ஸா ஓலெட்டா. கேள்வி ஒண்ணுதான்: நிக்கிறதைப் பார்க்கப் போறியா, ஓடுறதைப் பார்க்கப் போறியா? விக்கிறவன் ரெண்டும்னு சொல்வான். நம்ம நாளை நாமதான் மணிக்கணக்குல எண்ணிப் பார்க்கணும்.

நான் எண்ணினேன். ஒன்பது மணி நேரம் எழுத்து, ரெண்டு மணி நேரம் ஓட்டம். கண்ணு ரெண்டுதான். 27 அங்குலம், 4கே, ஐ.பி.எஸ்., 144 ஹெர்ட்ஸ் வாங்கிட்டேன். ராத்திரி இருட்டு சீன்ல கருப்பு கொஞ்சம் சாம்பலாத்தான் தெரியுது, பொய் சொல்லலை. ஆனா இந்தப் பதிவு முழுக்க அதுலதான் தட்டினேன். 'ணை'யோட மூணு சுழியும் தனித்தனியா தெரியுது. சாயங்காலம் கண்ணு எரியலை.

உங்க கணக்கு ஒன்பதுக்கு ரெண்டு இல்லாம தலைகீழா இருந்தா, தாராளமா ஓலெட் பக்கம் போங்க.

டிஸ்கி: பழைய வளைஞ்ச மானிட்டரை தம்பி தூக்கிட்டுப் போயிட்டான். அவன் பாக்குறது கிரிக்கெட் மட்டும்தான். பகல் ஆட்டமா இருந்தா பிரச்சினையே இல்லையாம்.