இந்தியத் தீர்ப்புத் திரட்டுகள்: லண்டன் முதல் தில்லி வரை

உச்ச நீதிமன்றம் அறிவிக்கும் சட்டம் இந்தியாவின் எல்லா நீதிமன்றங்களையும் கட்டுப்படுத்தும் என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 141-ஆம் உறுப்பு. அந்தச் சட்டம் யாருடைய அச்சகத்தில், எந்தப் புத்தகத்தில், எத்தனையாவது பக்கத்தில் கிடைக்கும் என்பதைப் பற்றி அந்த உறுப்பில் ஒரு சொல்லும் இல்லை. ஒரு முன்சீப் நீதிமன்றத்தில் வழக்கறிஞர் எழுந்து, "உச்ச நீதிமன்றம் இப்படிச் சொல்லியிருக்கிறது" என்றால், மேடையிலிருந்து வரும் முதல் கேள்வி "சைட்டேஷன் என்ன?" என்பதுதான். அதற்குப் பதில் சொல்ல ஒரு புத்தகத்தின் பெயர் வேண்டும். அந்தப் புத்தகங்களை யார் போட்டார்கள், எப்படிப் போட்டார்கள் என்பது இந்தியச் சட்ட வரலாற்றில் அதிகம் பேசப்படாத பகுதி.

கேசவானந்த பாரதி வழக்கை எடுத்துக்கொள்வோம். வழக்கறிஞர்கள் அதை (1973) 4 எஸ்.சி.சி. 225 என்று எழுதுவார்கள். 1973-ஆம் ஆண்டு, 'சுப்ரீம் கோர்ட் கேசஸ்' என்னும் தனியார் திரட்டு, நான்காம் தொகுதி, 225-ஆம் பக்கம். அதே தீர்ப்பு ஏ.ஐ.ஆர். 1973 எஸ்.சி. 1461 என்ற எண்ணிலும் உண்டு. அது நாகபுரியிலிருந்து வரும் 'ஆல் இந்தியா ரிப்போர்ட்டர்'. அரசின் சொந்த வெளியீடான 'சுப்ரீம் கோர்ட் ரிப்போர்ட்ஸ்', சுருக்கமாக எஸ்.சி.ஆர்., 1973-இன் இணைப்புத் தொகுதியில் அதை முதல் பக்கத்திலேயே தொடங்குகிறது. ஒரே தீர்ப்புக்கு மூன்று முகவரி. மூன்றிலும் நீதிபதிகள் எழுதியது ஒன்றே. அதன் மேலே இருக்கும் சுருக்கமும், உள்ளே இருக்கும் பத்தி எண்களும் அந்தந்தப் பதிப்பாளருடையவை.

இந்த வழக்கம் லண்டனில் தொடங்கியது. இந்திய நீதிமன்றங்களின் தீர்ப்புக்கு எதிரான இறுதி மேல்முறையீடு அப்போது பிரிவி கவுன்சிலுக்குத்தான் போயிற்று. அதன் நீதிக் குழு 1833-ஆம் ஆண்டுச் சட்டத்தால் முறையாக அமைந்தது. அந்தக் குழு விசாரித்த இந்திய வழக்குகளை எட்மண்ட் மூர் என்ற பாரிஸ்டர் தொகுத்து, 'மூர்ஸ் இந்தியன் அப்பீல்ஸ்' என்ற பெயரில் 14 தொகுதிகளாக வெளியிட்டார். 1836 முதல் 1872 வரையிலான வழக்குகள் அவற்றில் உள்ளன. தொகுத்தவர் பெயரே நூலுக்குப் பெயராவது அக்கால ஆங்கிலேய மரபு. இன்றும் இந்து வாரிசுரிமையில் ஒரு பழைய சிக்கல் எழுந்தால், எம்.ஐ.ஏ. என்ற மூன்றெழுத்தோடு மூர் நீதிமன்றத்துக்குள் வருகிறார்.

அந்தத் தொகுதிகளில் தமிழ்நாட்டின் தென்பகுதி நிறையவே இருக்கிறது. ஒன்பதாம் தொகுதியில் 1863-ஆம் ஆண்டின் சிவகங்கை வழக்கு. வழக்காடிய கட்டம நாச்சியார், மறைந்த ஜமீன்தாரின் மகள். தந்தை தாமே தனியாக அடைந்த ஜமீன், கூட்டுக் குடும்பம் பிரியாமல் இருந்தாலும், பங்காளிகளுக்குப் போகாது. வாரிசுரிமைப்படியே இறங்கும் என்று பிரிவி கவுன்சில் சொன்னது. ஜமீன்தார் இறந்தது 1829-இல். சென்னையின் சதர் அதாலத்து, லண்டன் என்று வழக்கு அலைந்து தீர்ப்பாக 34 ஆண்டுகள் ஆயின. பன்னிரண்டாம் தொகுதியின் 397-ஆம் பக்கத்தில் 1868-இன் இராமநாதபுரம் வழக்கு. விதவை இராணி செய்த தத்தெடுப்பை மதுரை கலெக்டர் ஏற்க மறுத்து, ஜமீன் அரசுக்கே சேரும் என்றார். கணவன் உயிரோடிருந்தபோது அனுமதி தரவில்லையென்றாலும், பங்காளிகளின் சம்மதம் இருந்தால் திராவிட தேசத்தில் விதவை தத்தெடுக்கலாம் என்று முடிவாயிற்று. தெளிவாக நிரூபிக்கப்பட்ட வழக்கம், ஏட்டில் எழுதிய சாத்திரத்தை விஞ்சும் என்ற கொள்கைக்கு இன்றுவரை மேற்கோள் அந்தப் பக்கம்தான். அங்கே தலைப்பில் சேதுபதியின் பெயரை லண்டன் அச்சுக்கோப்பவர் 'சத்துபதி' என்று வாசிக்கும்படி கோத்திருக்கிறார். 150 ஆண்டுகளாக வழக்கறிஞர்கள் அந்தப் பிழையோடேயே வழக்கை மேற்கோள் காட்டி வருகிறார்கள். அச்சில் ஏறியதுதான் பெயர். திருத்த யாருக்கும் அதிகாரம் இல்லை.

மூரின் தொகுதிகளில் ஒன்றைத் தேடினாலும் கிடைக்காது: மாறுபட்ட தீர்ப்பு. பிரிவி கவுன்சில் சட்டப்படி அரசருக்கு ஆலோசனைதான் கூறியது. ஆலோசனை ஒரே குரலில் போக வேண்டும் என்பதால், உள்ளே நீதிபதிகள் முரண்பட்டிருந்தாலும் வெளியே தெரியவிடுவதில்லை. மாறுபட்ட கருத்தை வெளியிடலாம் என்ற அனுமதி 1966-இல்தான் வந்தது. அதற்குள் இந்தியா அந்த நீதிமன்றத்தை விட்டு வெளியேறி 17 ஆண்டுகள் ஆகியிருந்தன.

இங்கே கல்கத்தாவிலும் சென்னையிலும் பம்பாயிலும் நிலைமை வேறு. உயர் நீதிமன்றத் தீர்ப்புகளை ஆளுக்கொரு பக்கம் அச்சிட்டு விற்றார்கள். கல்கத்தாவில் சதர்லாண்டின் 'வீக்லி ரிப்போர்ட்டர்' அவற்றுள் பெயர்பெற்றது. எந்தப் பதிப்பை நம்புவது என்ற குழப்பத்துக்கு முடிவுகட்ட அரசு 1875-இல் இந்தியச் சட்ட அறிக்கைகள் சட்டத்தைக் கொண்டுவந்தது. அரசின் அதிகாரத்தோடு வெளியாகும் திரட்டைத் தவிர வேறு எதிலும் உள்ள உயர் நீதிமன்றத் தீர்ப்பை மேற்கோளாகக் கேட்கவோ, தன்னைக் கட்டுப்படுத்தும் முன்தீர்ப்பாக ஏற்கவோ எந்த நீதிமன்றமும் கடமைப்பட்டதல்ல என்றது அதன் மூன்றாம் பிரிவு. 1876 முதல் 'இந்தியன் லா ரிப்போர்ட்ஸ்' கல்கத்தா, சென்னை, பம்பாய், அலகாபாத் என நான்கு வரிசைகளாக வரத் தொடங்கியது.

சட்டம் தோற்றுப்போனது. தோற்கடித்தது தாமதம். அரசுத் திரட்டு நிதானமாக வந்தது. வழக்கு நிதானமாக நடக்கவில்லை. அடுத்த வாரம் வாதாட வேண்டிய வழக்கறிஞருக்குப் போன மாதத் தீர்ப்பு வேண்டும். நீதிமன்றங்களும் அந்தப் பிரிவுக்கு இடம் கொடுக்கும் பொருளே கூறின: கேட்கக் கடமை இல்லை என்றால் கேட்கக் கூடாது என்று ஆகாது. அந்த இடைவெளியில் ஒரு தொழிலே வளர்ந்தது. 1891-இல் சென்னையில் 'மெட்ராஸ் லா ஜர்னல்' தொடங்கியது. மயிலாப்பூர் வழக்கறிஞர்கள் நடத்திய இந்த இதழ் தீர்ப்பை அச்சிட்டதோடு நிற்காமல், தவறென்று பட்டதை விமர்சித்தும் எழுதியது. 1922-இல் வி.வி. சிதலே நாகபுரியில் 'ஆல் இந்தியா ரிப்போர்ட்டரை' நிறுவினார். எல்லா உயர் நீதிமன்றங்களையும் பிரிவி கவுன்சிலையும் ஒரே குடையின் கீழ் கொண்டுவந்தது அது. பிறகு பின்னோக்கிப் போய் 1914 முதலான தீர்ப்புகளையும் தொகுதிகளாக்கியது. நான்கைந்து திரட்டுகளுக்குச் சந்தா கட்ட வசதியில்லாத மாவட்டத் தலைநகர வழக்கறிஞருக்கு இது பெரிய உதவி. ஏ.ஐ.ஆர். என்ற சொல் ஒரு நிறுவனத்தின் பெயர் என்பதே மறந்து, முன்தீர்ப்புக்கு இன்னொரு பெயர்போல் வழங்கும் அளவுக்கு அது பரவியது.

1937 அக்டோபர் 1-இல் தில்லியில் கூட்டாட்சி நீதிமன்றம் அமைந்தது. அதன் தீர்ப்புகளுக்கு 'ஃபெடரல் கோர்ட் ரிப்போர்ட்ஸ்' 1939 முதல் வெளிவந்தது. பிரிவி கவுன்சிலுக்கு மேல்முறையீடு செய்வது 1949 அக்டோபர் 10-இல் முடிவுக்கு வந்தது. 1950 ஜனவரி 28-இல் உச்ச நீதிமன்றம் நாடாளுமன்றக் கட்டடத்தின் மன்னர்கள் அவையில் கூடியது. அதே ஆண்டிலிருந்து எஸ்.சி.ஆர். தொடங்குகிறது.

எஸ்.சி.ஆரின் அந்த முதல் ஆண்டுத் தொகுதியின் 88-ஆம் பக்கத்தில் ஏ.கே. கோபாலன் எதிர் சென்னை மாநிலம். கம்யூனிஸ்ட் தலைவர் கோபாலன் விசாரணையின்றித் தடுப்புக்காவலில் வைக்கப்பட்டிருந்தார். 1950 மே 19-இல் வந்த தீர்ப்பில் ஆறு நீதிபதிகளும் தனித்தனியே எழுதினார்கள். பெரும்பான்மை, தடுப்புக்காவல் சட்டம் பெரும்பாலும் செல்லும் என்றது. நீதிபதி ஃபசல் அலி மாறுபட்டார்: அடிப்படை உரிமைகளைத் தனித்தனிப் பெட்டிகளில் அடைத்துப் படிக்கக் கூடாது, ஒன்றோடொன்று சேர்த்துத்தான் பார்க்க வேண்டும் என்பது அவர் வாதம். தோற்ற கருத்து. ஆனால் இந்த முறை அது அச்சில் இருந்தது. 1970-இன் வங்கித் தேசியமயமாக்கல் வழக்கிலும், 1978-இன் மேனகா காந்தி வழக்கிலும் உச்ச நீதிமன்றம் அந்தப் பாதைக்கே வந்து சேர்ந்தது. நெருக்கடி நிலைக் காலத்துத் தடுப்புக்காவல் பற்றிய ஜபல்பூர் வழக்கில் நீதிபதி எச்.ஆர். கன்னா தனியாக நின்று எழுதிய மாறுபட்ட தீர்ப்பும் இப்படியே. (1976) 2 எஸ்.சி.சி. 521-இல் பதிவான அந்த வழக்கின் பெரும்பான்மைத் தீர்ப்பை, 2017-இல் அந்தரங்க உரிமை குறித்த புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அமர்வு செல்லாது என்று அறிவித்தது. மூரின் காலத்து வழக்கம் தொடர்ந்திருந்தால், பின்னால் வந்தவர்கள் எடுத்துப் படிக்க ஃபசல் அலியும் கன்னாவும் இருந்திருக்க மாட்டார்கள்.

சென்னை மாநிலம் என்ற பெயர் அந்த முதல் ஆண்டுகளின் தொகுதிகளில் திரும்பத் திரும்ப வருகிறது. 1950 எஸ்.சி.ஆர். 594-இல் பத்திரிகைச் சுதந்திரம் பற்றிய ரொமேஷ் தாப்பர் வழக்கு. 1951 எஸ்.சி.ஆர். 525-இல் வகுப்புவாரி அரசாணையை ரத்து செய்த செண்பகம் துரைராஜன் வழக்கு. அரசமைப்பின் முதல் திருத்தம் வரக் காரணமானவற்றில் இரண்டும் அடங்கும்.

அரசுத் திரட்டின் பழைய நோய் எஸ்.சி.ஆரையும் விடவில்லை. அதிகாரப்பூர்வமானது, ஆனால் தாமதமானது. 1969-இல் லக்னோவின் ஈஸ்டர்ன் புக் கம்பெனி 'சுப்ரீம் கோர்ட் கேசஸ்' என்ற எஸ்.சி.சி.யைத் தொடங்கியபோது அதற்கு இடம் இருக்கத்தான் செய்தது. சீக்கிரம் வந்தது என்பது ஒரு காரணம். தலைக்குறிப்பின் தரம் இன்னொரு காரணம். நூற்றுக்கணக்கான பக்கத் தீர்ப்பில் எது சட்டம், எது போகிற போக்கில் சொன்னது என்று பிரித்து, ஒவ்வொரு கருத்துக்கும் பத்தி எண் கொடுத்து மேலே வைப்பது நுணுக்கமான வேலை. தலைக்குறிப்பு தீர்ப்பின் பகுதி அல்ல என்று நீதிமன்றங்கள் பலமுறை எச்சரித்திருக்கின்றன. இருந்தும், கைநிறைய வழக்குகளோடு ஓடும் ஜூனியர் முதலில் பார்ப்பது அதைத்தான். பல நேரம் அதோடு சரி.

அந்த வேலை எவ்வளவு கடினமாக முடியும் என்பதற்கு மீண்டும் கேசவானந்த பாரதிதான் சான்று. 68 நாள் விசாரணை, 13 நீதிபதிகள், 11 தனித்தனித் தீர்ப்புகள், 1973 ஏப்ரல் 24-இல் முடிவு. ஆறு பேர் நாடாளுமன்றத்தின் திருத்தும் அதிகாரத்துக்கு வரம்பு உண்டு என்றார்கள். ஆறு பேர் இல்லை என்றார்கள். நீதிபதி கன்னா, அடிப்படைக் கட்டமைப்பை மாற்ற முடியாது என்று நடுவில் நின்றார். 'பெரும்பான்மையினரின் கருத்து' என்று தலைப்பிட்ட ஒரு தாளில் ஒன்பது நீதிபதிகள் கையெழுத்திட்டார்கள், நால்வர் மறுத்தார்கள். இதில் எது அந்த வழக்கின் தீர்வு? பதிப்பாசிரியர் ஏதோ ஒன்றை எழுதித்தான் ஆக வேண்டும். அடிப்படைக் கட்டமைப்புக் கோட்பாடு நாடெங்கும் பரவியது அந்தக் குறிப்புகள் வழியாகவும்தான். கன்னாவே 1975-இன் இந்திரா காந்தி தேர்தல் வழக்கில், தாம் 1973-இல் எழுதியதன் பொருள் என்ன என்று விளக்க வேண்டி வந்தது.

பதிப்பாளரின் உழைப்பு யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி கடைசியில் உச்ச நீதிமன்றத்துக்கே போயிற்று. குறுந்தட்டில் தீர்ப்புகளை விற்ற சில மென்பொருள் நிறுவனங்கள் தன் பதிப்பை நகலெடுத்ததாக ஈஸ்டர்ன் புக் கம்பெனி வழக்குப் போட்டது. 2007 டிசம்பர் 12-இல் ஈஸ்டர்ன் புக் கம்பெனி எதிர் டி.பி. மோடக் வழக்கில் தீர்ப்பு வந்தது. தீர்ப்பின் மூல வாசகம் பொதுச்சொத்து. யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். எழுத்துப் பிழை திருத்துவது, மேற்கோள் எண்களைச் சேர்ப்பது போன்ற வேலைகளுக்குப் பதிப்புரிமை கிடையாது. ஆனால் தீர்ப்பைப் பத்திகளாகப் பிரித்து எண் கொடுப்பதிலும், எந்த நீதிபதி உடன்பட்டார், எவர் மாறுபட்டார் என்று குறித்துக் காட்டுவதிலும் சட்ட அறிவும் தேர்வும் இருப்பதால் அவை பதிப்பாளருக்கே உரியவை. அந்தத் தீர்ப்பின் மேற்கோள் எண் (2008) 1 எஸ்.சி.சி. 1.

அமெரிக்கா இதே கேள்வியை 1834-லேயே தீர்த்துவிட்டது. அங்கும் உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளின் முதல் தொண்ணூறு தொகுதிகள் டல்லஸ், கிராஞ்ச், வீட்டன், பீட்டர்ஸ் முதலான தொகுப்பாளர்களின் பெயரிலேயே வந்தன. வீட்டனின் விலையுயர்ந்த தொகுதிகளைப் பீட்டர்ஸ் சுருக்கி மலிவாக விற்க, வீட்டன் வழக்காடினார். நீதிபதிகளின் தீர்ப்புக்கு எந்தத் தொகுப்பாளரும் உரிமை கொண்டாட முடியாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் கூறியது.

உரிமை பொதுவானது என்பதும், கைக்குக் கிடைப்பது என்பதும் வேறு வேறு. முழு வரிசை வைத்திருக்கும் மூத்த வழக்கறிஞரின் அலுவலகத்தில் முன்தீர்ப்பு சுவர் முழுக்க இருந்தது. எதிரில் நின்றவரிடம் இரவல் வாங்கிய ஒரு தொகுதிதான். எதிர்த்தரப்புக்குத் தெரிந்த சட்டம் தனக்குத் தெரியாமல் ஒருவர் வழக்கில் தோற்பது நியாயமாகாது. இந்தக் குறையைத் தீர்க்கும் முயற்சி 2023-இல்தான் வேகம் பிடித்தது. ஜனவரி 2-இல் அப்போதைய தலைமை நீதிபதி டி.ஒய். சந்திரசூட் இ-எஸ்.சி.ஆர். தளத்தை அறிவித்தார், சுமார் 34,000 தீர்ப்புகள் எல்லோருக்கும் இலவசம். அடுத்த மாதமே பொது மேற்கோள் எண் வந்தது. ஆண்டு, ஐ.என்.எஸ்.சி. என்ற குறி, வரிசை எண், இவ்வளவுதான். பழைய தீர்ப்புகளுக்கும் படிப்படியாக இந்த எண் கொடுக்கப்பட்டது. உச்ச நீதிமன்றமே தன் தீர்ப்புக்கு இப்படி எண்ணிட்டது இதுவே முதல் முறை. 2024 ஜனவரியில், 1950 முதலான எஸ்.சி.ஆர். தொகுதிகள் 519-உம், அவற்றில் அடங்கிய 36,308 வழக்குகளும் மின்வடிவில் திறக்கப்பட்டன.

அந்தத் தளத்தில் தமிழ் மொழிபெயர்ப்புகளும் ஏறி வருகின்றன. செயற்கை நுண்ணறிவு மென்பொருள் முதலில் பெயர்க்கிறது, மொழிபெயர்ப்பாளர்கள் சரிபார்க்கிறார்கள். வழக்காடி தன் மொழியில் புரிந்துகொள்வதற்கு மட்டுமே இது, மற்ற எல்லாவற்றுக்கும் ஆங்கில மூலமே செல்லும் என்ற குறிப்போடுதான் அவை வருகின்றன. உச்ச நீதிமன்றத்தின் மொழி ஆங்கிலம் என்று அரசமைப்பின் 348-ஆம் உறுப்பு சொல்லியிருக்கும்வரை, தமிழில் உள்ள பத்தியை எடுத்துக்காட்டி எந்த வழக்கறிஞரும் வாதாட முடியாது. ஆனால் தன் நிலத்தைப் பற்றியோ தன் மகனின் கைதைப் பற்றியோ தில்லி என்ன சொன்னது என்பதை ஒருவர் இப்போது நேரடியாகப் படிக்கலாம். வக்கீல் குமாஸ்தா சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை.