வெள்ளீயம் இல்லாத வெள்ளீய மலை

சீன நாட்டின் தென்பகுதியில் ஹூனான் என்னும் மாகாணம் உள்ளது. அம்மாகாணத்தின் மலைகளுள் ஒன்றுக்கு ஷிகுவாங்ஷான் என்று பெயர். அச்சொல்லைத் தமிழில் பெயர்த்தால் ‘வெள்ளீயச் சுரங்க மலை’ என்று பொருள்படும். மாணவர்களே, அம்மலையை எவ்வளவு ஆழமாக அகழ்ந்தாலும் அதன் புகழுக்குக் காரணமான பொருள் வெள்ளீயம் அன்று. அங்கே குவிந்து கிடப்பது ஆண்டிமனி என்னும் வேறோர் உலோகத்தின் கனி. உலகில் உள்ள ஆண்டிமனிப் படிவங்களுள் மிகப் பெரியது அதுவே. அவ்வாறாயின், இல்லாத பொருளின் பெயரை அம்மலை ஏன் சுமந்து நிற்கிறது? இவ்வினாவுக்கு விடை தேடிச் சென்றால், மனிதன் ஓர் உலோகத்தைக் கையில் வைத்துக்கொண்டே பல நூற்றாண்டுக் காலம் அதனை அறியாதிருந்த வரலாறு நமக்குக் கிடைக்கும்.

மிங் அரசர்கள் சீனாவை ஆண்ட காலத்தில், 1541ஆம் ஆண்டில், அம்மலையின் கனிப்பொருள் கண்டறியப்பட்டது என்பர். வெள்ளி போல் மின்னிய அதனை அக்காலத்தார் வெள்ளீயம் என்றே எண்ணினர். மலைக்கும் அப்பெயரையே சூட்டினர். பிழை என்று பின்னாளில் தெரிந்த பிறகும் பெயர் மாறவில்லை.

இப்பிழையை அவர்கள் மட்டும் செய்தாரல்லர். ஆண்டிமனி அத்துணை ஏமாற்றவல்ல உலோகம். அது வெண்மையானது, பளபளப்பு உடையது, ஏறத்தாழ 630 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தில் உருகிவிடும். ஆகவே பார்வைக்கு அது வெள்ளீயம் போலவும் காரீயம் போலவும் தோன்றும். ஆனால் காரீயத்தைக் கத்தியால் சீவலாம், வெள்ளீயத்தை வளைக்கலாம். ஆண்டிமனியையோ வளைக்கவும் இயலாது, தகடாகத் தட்டவும் இயலாது. சுத்தியலால் ஓங்கி ஓர் அடி அடித்தால் அது கற்கண்டு போல் நொறுங்கிப்போகும். இவ்வோர் அடியே அதன் தனித்தன்மையைக் காட்டிவிடும். அந்தச் சுத்தியல் அடியை நீங்கள் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மீண்டும் அதனிடம் வருவோம்.

ஆண்டிமனி பெரும்பாலும் தனி உலோகமாகக் கிடைப்பதில்லை. கந்தகத்துடன் கூடிய கனியாகவே மிகுதியாகக் கிடைக்கிறது. அக்கனிக்கு ஸ்டிப்னைட் என்பது விஞ்ஞானிகள் இட்ட பெயர். ஈய நிறமுடைய நீண்ட ஊசிகளைக் கட்டாகக் கட்டி வைத்தாற்போன்ற தோற்றம் உடையது அது. தூய நிலையில் அதன் எடையில் நூற்றுக்கு ஏறத்தாழ 72 பங்கு ஆண்டிமனி, எஞ்சியது கந்தகம். நம் நாட்டார் அதனை அஞ்சனக்கல் என்று அழைத்தனர். கண்ணுக்குத் தீட்டும் மையாக அதனை அரைத்துப் பயன்படுத்தியமையால் வந்த பெயர் அது.

பண்டைய எகிப்தியரும் கண்மை தீட்டினர். மைக்கு அவர்கள் வழங்கிய சொல்லே திரிந்து கிரேக்க மொழியில் ஸ்டிம்மி என்றும், இலத்தீன் மொழியில் ஸ்டிபியம் என்றும் ஆயிற்று. ஆண்டிமனிக்கு இன்று நாம் எழுதும் ‘எஸ்.பி.’ என்னும் குறியீடு இந்தச் ஸ்டிபியத்தின் சுருக்கமே. ஆயினும் ஒரு வியப்பு உண்டு. எகிப்தியக் கல்லறைகளில் கிடைத்த மைச்சிமிழ்களைச் சோதித்தபோது, அவற்றுள் பெரும்பாலானவற்றில் இருந்தது காரீயமும் கந்தகமும் கூடிய வேறொரு கனி என்று தெரியவந்தது. ஆண்டிமனிக் கனி இருந்த சிமிழ்கள் மிகச் சிலவே. பெயர் ஒன்று, பொருள் வேறொன்று. நம் வீடுகளில் விளக்குப் புகையைப் பிடித்துக் கூட்டிய மையையும் அஞ்சனம் என்றுதானே வழங்கினோம்! பெயரை மட்டும் நம்பிப் பொருளை முடிவு செய்யலாகாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

உரோமப் பேரரசில் வாழ்ந்து கி.பி. 79இல் மறைந்த பிளினி என்னும் அறிஞர், இக்கனியை மருந்துக்காகப் பக்குவம் செய்யும் முறையைத் தம் நூலில் கூறியுள்ளார். கனியைச் சாணத்தில் பொதிந்து தீயிலிட வேண்டும். ஆனால் வெப்பம் அளவு கடந்தால் அது ஈயமாக மாறிவிடும், எச்சரிக்கை என்கிறார் அவர். கிரேக்க மருத்துவரான டயாஸ்கோரிடீஸும் இவ்வாறே எழுதினார். நண்பர்களே, ஆண்டிமனிக் கனி எங்ஙனம் ஈயம் ஆகும்? தீயின் வெப்பத்தாலும் கரியின் செயலாலும் உலையில் பிரிந்து வந்தது ஆண்டிமனி உலோகமே என்பது பிற்கால அறிஞர் பலரின் கருத்து. புதிய உலோகம் அவர்கள் கண்முன்னே பிறந்தது. அவர்களோ அதனை ‘கெட்டுப்போன மருந்து’ என்று ஒதுக்கினர்.

உண்மை மெல்லமெல்லவே வெளிப்பட்டது. இத்தாலி நாட்டில் வன்னோச்சோ பிரிங்குச்சோ என்னும் உலோகத் தொழில் வல்லுநர் இருந்தார். சுரங்கம், உலை, வார்ப்பு ஆகியவை பற்றி அவர் எழுதிய ‘பைரோடெக்னியா’ என்னும் நூல், அவர் மறைந்தபின் 1540ஆம் ஆண்டில் வெனிஸ் நகரில் அச்சேறியது. ஆண்டிமனியைப் பிரித்தெடுக்கும் முறை பற்றி ஐரோப்பாவில் எழுதப்பட்ட முதல் விவரம் அந்நூலில் உள்ளதே என்பர். இங்கே ஆண்டுகளை ஒப்பிட்டுப் பாருங்கள். வெனிஸில் ஆண்டிமனியைப் பற்றிய நூல் வெளிவந்தது 1540இல். ஹூனானில் ஆண்டிமனி மலைக்கு வெள்ளீயம் என்று பெயரிட்டது 1541இல். இடையே ஓராண்டு, ஆனால் ஓரிடத்து அறிவு மற்றோரிடத்தை எட்டவில்லை.

இனி, கனியிலிருந்து உலோகத்தை எவ்வாறு பிரிக்கிறார்கள் என்று பார்ப்போம். இதில் மூன்று வழிகளை முதன்மையாகக் கூறலாம்.

முதலாவது, உருக்கி வடித்தல். அஞ்சனக்கல் ஏறத்தாழ 550 டிகிரியிலேயே உருகும். அதன் சிறு துணுக்கு ஒன்றை மெழுகுவத்திச் சுடரிலேயே உருக்கிவிடலாம். உடன் இருக்கும் பாறையோ அவ்வெப்பத்தில் உருகாது. எனவே அடியில் துளைகள் உள்ள மண்பாண்டத்தில் கனியை இட்டு, அதன் கீழ் மற்றொரு பாண்டத்தை வைத்துச் சூடேற்றினர். கனி உருகிக் கீழ்ப்பாண்டத்தில் வடியும். பாறை மேலே தங்கும். இட்டிலிக் கொப்பரை போன்ற எளிய அமைப்பு எனலாம். ஆனால் கீழே வடிந்தது உலோகம் அன்று. பாறை நீங்கிய கந்தகக் கனியே ஆகும்.

இரண்டாவது, இரும்பால் பிரித்தல். கந்தகத்திற்கு ஆண்டிமனியைக் காட்டிலும் இரும்பின்பால் நாட்டம் மிகுதி. உருகிய கனியில் இரும்புத் துண்டுகளை இட்டால், கந்தகம் ஆண்டிமனியைக் கைவிட்டு இரும்புடன் சேர்ந்துகொள்ளும். எடை மிகுந்த ஆண்டிமனி மூசையின் அடியில் தங்கும். இரும்பும் கந்தகமும் கூடிய கசடு மேலே மிதக்கும். செழிப்பான கனிகளுக்கு இம்முறை ஏற்றது.

மூன்றாவது, வறுத்துப் புகையாக்கிப் பிடித்தல். கனியில் ஆண்டிமனி குறைவாக இருப்பின், முதல் இரண்டு முறைகளும் கட்டுப்படியாகா. அப்போது கனியை உடைத்து, கரியுடன் கலந்து, அளவான காற்றில் சூளையில் வறுப்பர். கந்தகம் எரிந்து வாயுவாகப் போகும். ஆண்டிமனி ஆக்ஸிஜனுடன் கூடி வெண்புகையாக எழும். அப்புகையை நீண்ட குழாய்களிலும் அறைகளிலும் செலுத்திக் குளிர்வித்தால் வெண்பொடியாகப் படியும். அப்பொடியைக் கரியும் சோடாவும் சேர்த்து உலையில் உருக்கினால் உலோகம் கிடைக்கும். காற்று அளவுக்கு மீறினால் ஆண்டிமனி புகையாகாத வேறோர் ஆக்ஸைடாக மாறிச் சூளையிலேயே தங்கிவிடும். ஆகவே காற்றை அளந்து விடுவதே இத்தொழிலின் நுட்பம்.

உருகிய உலோகத்தைக் கசட்டின் போர்வையில் மெல்லக் குளிரவிட்டால், அதன் மேற்பரப்பில் பெரணி இலை போன்ற கோடுகள் விண்மீன் வடிவில் படரும். இவ்விண்மீனே தூய்மையின் முத்திரை என்று வணிகர் நெடுங்காலம் கருதினர். அது தோன்றாத கட்டியை வாங்கத் தயங்கினர். கண்ணுக்கு இனிய அடையாளம். ஆயினும் தூய்மையை உறுதி செய்வது இரசாயனச் சோதனையே.

மீண்டும் ஹூனானுக்குச் செல்வோம். 1890களில்தான் அம்மலையின் கனி வெள்ளீயம் அன்று, ஆண்டிமனியே என்பது தெளிவாகி, சுரங்கத் தொழில் முறையாகத் தொடங்கியது. 1908ஆம் ஆண்டில் சாங்ஷா நகரில் ஹுவாசாங் என்னும் கம்பெனி தோன்றியது. பிரெஞ்சு நாட்டில் உருவான ஹெரன்ஷ்மிட் முறையை, அதாவது நாம் மேலே கண்ட புகையாக்கும் முறையை, அது சீனாவுக்குக் கொண்டுவந்தது. மறு ஆண்டில், 1909இல், வாங் சுங்-யு என்னும் சீன உலோகவியல் அறிஞர் ஆண்டிமனியைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய விரிவான நூல் லண்டனில் வெளியாயிற்று. முன்னோர் வெள்ளீயம் என்று மயங்கிய பொருளைப் பற்றி, அந்நாட்டார் ஒருவரே உலகத்திற்கு நூல் எழுதினார். அறிவு எங்கே பிறந்தது என்பது பெரிதன்று; அதனைக் கற்று, சோதித்து, தன்னுடையதாக்கிக் கொள்வதே பெரிது.

இவ்வுலோகம் எதற்குப் பயன்பட்டது? பள்ளி மலரை அச்சிடுவதற்காக நான் அச்சகத்திற்குச் சென்ற நாள்களில், அச்சுக் கோப்பவர் சிறிய எழுத்து ஒன்றை என் உள்ளங்கையில் வைப்பதுண்டு. ஈய எழுத்து என்றே அதனை அழைத்தோம். ஆனால் வெறும் ஈயம் சில தாள்களை அழுத்துவதற்குள் நசுங்கிவிடும். அதில் நூற்றுக்கு 10 முதல் 25 பங்கு வரை ஆண்டிமனியும், சிறிது வெள்ளீயமும் சேர்ப்பர். ஆண்டிமனி ஈயத்திற்கு உறுதி தரும். வார்ப்பு இறுகும்போது சுருங்காமல் காக்கும். அதனாலேயே எழுத்தின் விளிம்பு கூர்மையாக அமைந்தது. அந்த எழுத்துகள் இன்று அச்சகங்களை விட்டு ஏறக்குறைய மறைந்துவிட்டன. ஆனால் நம் தலைமுறையார் படித்த பாடநூல்கள் பலவற்றில் கண்ணுக்குத் தெரியாத ஆண்டிமனி உழைத்தது.

எழுத்தை உறுதியாக்கிய அதே உலோகம் துப்பாக்கிக் குண்டையும் உறுதியாக்கியது. 1914இல் முதல் உலகப்போர் மூண்டதும் அதன் விலை விண்ணை முட்டியது. ஹூனானின் உலைகள் இரவும் பகலும் எரிந்தன. 1918இல் போர் முடிந்தது, விலை சரிந்தது, உலைகள் பல அணைந்தன. உலைகளை நம்பி வாழ்ந்தோரின் அடுப்புகளும் அவற்றுடன் அணைந்தன என்பதை நாம் மறத்தலாகாது.

மற்றொன்றையும் மறத்தலாகாது. ஆண்டிமனிக் கனியுடன் பல இடங்களில் ஆர்சனிக் என்னும் நஞ்சும் கலந்திருக்கும். சூளைப் புகையில் நின்று உழைத்தோரின் தோலில் கொப்புளங்கள் எழுந்தன. பொடி நுரையீரலில் படிந்தது. உலோகத்தைத் தூய்மை செய்தபின் எஞ்சும் ஆர்சனிக் கசடு நீரில் கரையக்கூடியது. பாதுகாப்பின்றிக் கிடந்தால் கிணற்றையும் ஆற்றையும் கெடுக்கும். 2015ஆம் ஆண்டு நவம்பரில் சீனாவின் கான்சு மாகாணத்தில் ஆண்டிமனிச் சுரங்கக் கழிவுக் குளம் ஒன்று கசிந்தது. நச்சு நீர் ஆற்றில் கலந்து மூன்று மாகாணங்களைத் தொட்டது. புகையைப் பிடிப்பது உலோகத்தைச் சேர்ப்பதற்கு மட்டும் அன்று. மனிதரைக் காப்பதற்கும் ஆகும்.

இன்றும் ஆண்டிமனியின் தேவை குறையவில்லை. எளிதில் தீப்பற்றாத துணிகளிலும் பிளாஸ்டிக்குகளிலும், மோட்டார் வண்டிகளின் மின்கலங்களிலும், சூரிய ஒளித் தகடுகளின் கண்ணாடியிலும் அது இடம்பெறுகிறது. சீன அரசு 2024ஆம் ஆண்டு செப்டம்பர் 15 முதல் அதன் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்தபோது, பல நாடுகள் திகைத்தன. ஒரு காலத்தில் பெயர்கூடத் தவறாக வழங்கப்பட்ட பொருளுக்கு இத்துணை மதிப்பு!

மாணவர்களே, தொடக்கத்தில் சொன்ன சுத்தியல் அடியை இப்போது நினைவுகூருங்கள். அறிஞர் பிளினியிடம் கல்வி இல்லாமல் இல்லை. ஹூனான் மக்களிடம் உழைப்பு இல்லாமல் இல்லை. ‘இது நாம் எண்ணும் பொருள்தானா?’ என்று கேட்டு, ஒரு சிறு சோதனை செய்து பார்க்கும் வழக்கம் வேரூன்றவே பல நூற்றாண்டுகள் ஆயின. கடையில் சுர்மா என்ற பெயரில் விற்கும் மையில் காரீயம் கலந்திருப்பதை இன்றும் ஆய்வாளர்கள் கண்டுள்ளார்கள். அதனைக் குழந்தையின் கண்ணில் தீட்டும் தாய் பெயரையே நம்புகிறாள். ஆகவே பெயரைக் கேட்டவுடன் அமைதியடையாதீர்கள். தட்டிப் பாருங்கள், நிறுத்துப் பாருங்கள், தீயில் இட்டுப் பாருங்கள். ஷிகுவாங்ஷான் மலை தன் பழைய பெயரை இன்றும் மாற்றிக்கொள்ளவில்லை. சோதிக்காமல் பெயரிட்டவர்களின் பிழைக்கு எழுப்பிய நினைவுச் சின்னமாக அது உயர்ந்து நிற்கிறது.