கண்டு கற்கும் கைத்தொழில்



ஏட்டைப் படித்துத் தொழில் கற்க இயலுமா என்பது பழைய வினா. பிரான்சு நாட்டு அறிஞர் திதெரோ இதற்கு விடை காண முயன்றார். கத்தி செய்யும் தொழிலாளி ஒருவரின் மைந்தராகிய அவர், பட்டறைகளுக்குச் சென்று வினவி அறிந்த தொழில் நுணுக்கங்களை, 1751 முதல் வெளிவந்த தம் கலைக்களஞ்சியத்தில் சேர்த்தார். 1762 முதல் 1772 வரை 11 படத்தொகுதிகளும் வெளிவந்தன. அவற்றில் உளி உண்டு. அதைப் பிடித்த கையும் உண்டு. ஆனால் அக்கை அசையவில்லை.

நம் நாட்டில் வானொலி ஏடறியாதவருக்கும் தொழிலறிவைக் கொண்டு சேர்த்தது. 1960களில் தஞ்சை உழவர் ஏ.டி.டி. 27 என்னும் நெல்லைப் பற்றி வானொலி வழியே அறிந்து பயிரிட்டனர். அதற்கு ‘ரேடியோ நெல்’ என்றே பெயர் வழங்கலாயிற்று. எனினும், செவி கேட்டதைக் கண் காணவில்லை.

2005இல் யூடியூப் தோன்றியபின் கண்ணும் செவியும் ஒருங்கே கற்கும் வாய்ப்புப் பரவியது. கென்யாவின் ஜூலியஸ் யேகோ, ஈட்டி எறிதலைக் காணொளிகள் பார்த்தே பயின்றார். பின்னர்ப் பின்லாந்து சென்று பயிற்சியாளரிடமும் கற்றார். 2015இல் பெய்ஜிங் உலகப் போட்டியில் 92.72 மீட்டர் எறிந்து பொற்பதக்கம் பெற்றார்.

என் பழைய மாணவன் ஒருவன், பம்பு மோட்டாருக்குக் காயில் கட்டுவதைக் காணொளியில் கற்றவன், அண்மையில் என்னைக் காண வந்தான். “ஒரே இடத்தை இருபது முறை திருப்பிப் பார்த்தேன், ஐயா. அது ஒரு முறைகூடக் கடிந்துகொள்ளவில்லை” என்றான். நான் தலைகுனிந்தேன். பின்னக் கணக்கை மூன்றாம் முறை விளக்கக் கேட்ட அவனை, அதட்டி உட்கார வைத்தவன் நான்.

அவன் மேலும் ஒன்று சொன்னான். அவன் கட்டிய முதல் மோட்டார் எரிந்துபோயிற்று. காரணம் எந்தக் காணொளியிலும் அகப்படவில்லை. முதியவர் ஒருவர் பிரித்துப் பார்த்து, கம்பியைச் செருகும்போது உள்ளே வைத்த காப்புத்தாள் கிழிந்திருந்ததைச் சுட்டிக்காட்டினாராம். காணொளி அவனுக்குப் பிறர் கையைக் காட்டிற்று. அவன் கையை அது காணவில்லை.

மாணவன் கையைக் காணும் கண் ஆசிரியனுக்கு உண்டு. அக்கண்ணோடு காணொளியின் பொறுமையும் சேருமாயின், திதெரோ தொடங்கிய பணி நிறைவுறும். அப்பொறுமை அன்று என்னிடம் இல்லை. இன்று பணியிலுள்ள ஆசிரியர்களுக்கு அது வாய்க்க வேண்டுமென விழைகின்றேன்.