சாண்டோவின் பிடி

1969-இல் வெளிவந்த ‘துணைவன்’ படத்தில் கொங்கு நாட்டின் இரண்டு பெயர்கள் சேர்ந்தன. பாடியவர் காவிரிக்கரைக் கொடுமுடியில் பிறந்த கே.பி. சுந்தராம்பாள். சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருதை அந்தப் படம்தான் அவருக்கு வாங்கித் தந்தது. தயாரித்தவர் கோயம்புத்தூர்க்காரரான சாண்டோ எம்.எம்.ஏ. சின்னப்பா தேவர். முருக பக்தர், யானையையும் ஆட்டையும் நடிக்க வைத்தவர் என்றெல்லாம் தேவரைப் பற்றிப் பேசுகிறோம். ஆனால் பெயருக்கு முன்னால் நிற்கும் அந்த ‘சாண்டோ’ அவர் சினிமாவுக்கு வருமுன்பே உடம்பால் சம்பாதித்தது.

1915-இல் பிறந்த தேவர், இளம் வயதில் நண்பர்களோடு சேர்ந்து கோவையில் வீரமாருதி தேகப்பயிற்சி சாலையை நடத்தினார். பஞ்சாலைகள் பெருகிக்கொண்டிருந்த ஊர் அது. ஆஞ்சநேயர் பெயரைத் தாங்கிய அத்தகைய பயிற்சிச் சாலைகளில் தண்டாலும் பஸ்கியும் கர்லாக்கட்டையும் நம்முடையவை. டம்பெல்லும் பார்பெல்லும் கடல் கடந்து வந்தவை. 1947-இல் ஜூபிடர் நிறுவனம் எடுத்த ‘ராஜகுமாரி’யில் எம்.ஜி.ஆர். முதன்முதலாகக் கதாநாயகனானபோது, சண்டைக் காட்சியில் அவரோடு மோதியவர் இந்தத் தேவர்தான்.

பட்டப்பெயரின் மூலவர் யூஜின் சாண்டோ. 1867-இல் பிரஷ்யாவில் பிறந்து, லண்டனில் புகழ்பெற்ற பயில்வான். தேவர் பிறப்பதற்குச் சுமார் பத்தாண்டுகளுக்கு முன்பு இந்தியாவுக்கும் வந்து பல ஊர்களில் வித்தை காட்டினார். அவருக்குப் பிறகு உடம்பை வளர்த்த இந்தியர் பலருக்கும் அவர் பெயரே பட்டமாயிற்று. கையில்லாத பனியன்கூட ‘சாண்டோ’ என்ற பெயரில்தான் இன்றும் விற்கிறது.

மேடையில் மலைபோன்ற எடைகளைத் தூக்கிய அந்த மனிதர், மாணவர்களுக்குச் சொன்னது வேறு. எடை குறைந்த டம்பெல், நிறைய தடவை, ஒவ்வொரு அசைவிலும் முழுக் கவனம். அவர் பெயரில் விற்பனையான டம்பெல் ஒன்றின் அமைப்பே இதற்குச் சான்று. கைப்பிடி நீளவாக்கில் இரண்டாகப் பிளந்திருக்கும். நடுவில் ஸ்பிரிங்குகள் இருக்கும். இரு பாதியும் ஒட்டும்படி விரல்களால் அழுத்திப் பிடித்துக்கொண்டேதான் கையை மடக்கி நீட்ட வேண்டும். பிடி தளர்ந்தால் பாதிகள் விலகிவிடும். எடை எவ்வளவு என்பதைவிட அதை எப்படிப் பிடிக்கிறோம் என்பதில் அந்தக் கருவி குறியாக இருந்தது. இன்றைய ஜிம்களில் முதல் நாளே பெரிய டம்பெல்லை எட்டிப் பிடிக்கும் இளைஞர்கள் இழந்திருப்பது இந்தப் பாடத்தைத்தான்.

மணிக்கட்டு என்பது எட்டுச் சிறு எலும்புகளைத் தசைநார்கள் இழுத்துக் கட்டிய இடம். முன்கை எலும்புகளுக்கு நேர் மேலே சுமை நின்றால் அது தாங்கும். டம்பெல்லைத் தலைக்கு மேலே தள்ளும்போது கைப்பிடி விரல்களின் அடியில் கிடந்தால், எடை கையைப் பின்னால் மடக்கிவிடும். மூட்டின் பின்பக்கம் நசுங்கி வலிக்கும். கைப்பிடி உள்ளங்கையின் அடிப்பகுதியில் அமர வேண்டும், கட்டைவிரல் அதைச் சுற்றி வளைத்துப் பூட்ட வேண்டும், புறங்கையும் முன்கையும் ஏறக்குறைய ஒரே கோட்டில் இருக்க வேண்டும். முழங்கையை மடக்கித் தூக்கும் பயிற்சியிலோ கோளாறு எதிர்த்திசையில் வரும். கை சோர்ந்ததும் மணிக்கட்டை உட்பக்கம் சுருட்டி எடையை ஏமாற்றப் பார்ப்பார்கள். அப்படிச் சுருட்டத் தோன்றினாலே எடை அதிகம் என்று பொருள்.

கர்லாக்கட்டையின் கணக்கு வேறு. கனம் முழுவதும் கட்டையின் தூரத்து முனையில் இருக்கிறது. பிடி மெலிந்து, வழுக்காமலிருக்க அடியில் ஒரு குமிழ். தோளிலிருந்து முதுகுப்புறமாகச் சுழற்றும்போது பிடியை இறுக்கிப் பூட்டினால் மணிக்கட்டுதான் அடி வாங்கும். கட்டை போகும் போக்கில் அதுவும் சற்றுத் திரும்பிக் கொடுக்க வேண்டும். பிரிட்டிஷ்காரர்கள் இந்தக் கட்டையை இந்தியாவிலிருந்து எடுத்துப்போனார்கள். 1834-இல் டொனால்ட் வாக்கர் எழுதிய உடற்பயிற்சி நூலில் அது இடம்பெற்றது. 1904, 1932 ஒலிம்பிக்குகளில் கட்டை சுழற்றுவது ஒரு போட்டியாகவே இருந்தது. டம்பெல் இங்கே வந்ததும் கர்லா அங்கே போனதும் ஏறக்குறைய ஒரே நூற்றாண்டின் கதை. கொடுக்கல் வாங்கலில் நாம் வெறும் வாங்கியவர்கள் அல்ல என்பதைக் கொங்கு நாட்டு ஜிம்களில் சுவரில் எழுதி வைத்தாலும் தகும்.

பழைய பயிற்சிமுறையில் மணிக்கட்டுக்குக் கிடைத்த இன்னொரு வரம் கால அவகாசம். தசை சில வாரங்களில் வலுக்கூடும். தசைநாருக்கு மாதங்கள் வேண்டும். கை பழகுவதற்குள் எடையைக் கூட்டினால் இந்த இடைவெளியில்தான் வலி புகுந்துகொள்ளும். வலி வந்த பிறகு பட்டை கட்டிக்கொண்டு அதே எடையைத் தூக்குவது கேட்டை மூடி மறைப்பதாகும். எடையைக் குறைக்கலாம், உள்ளங்கைகள் ஒன்றையொன்று பார்க்கும்படி டம்பெல்லைப் பிடித்துத் தூக்கலாம். பலருக்கும் அந்தப் பிடியில் மூட்டு இலகுவாக இருக்கும். விரல் மரத்தாலோ, வீக்கம் வடியாவிட்டாலோ மருத்துவரிடம் போய்விட வேண்டும்.

இறக்குவதிலும் முறை உண்டு. பெஞ்சில் படுத்துத் தூக்கி முடித்தவர், கைகளைப் பக்கவாட்டில் தொங்கவிட்டு எடையைத் தரையில் போடப் பார்க்கும்போது தோளும் மணிக்கட்டும் சேர்ந்து முறுக்கிக்கொள்கின்றன. டம்பெல்களை மார்புக்கு அருகே கொண்டுவந்து, முழங்கால்களை உயர்த்தித் தொடைமேல் அவற்றை நிறுத்தி, அந்தக் கனத்தோடே எழுந்து உட்கார்ந்து, பிறகு ஒவ்வொன்றாகக் கீழே வைக்க வேண்டும்.